எழுதப்படாத கூட்டலும் பெருக்கலும்: தமிழ் எண்மரபும் கணினிக் குறியேற்றமும்

1. பிரச்சினையின் தன்மை

கணித எழுத்திலே புலப்படுகின்ற குறிகளைவிடப் புலப்படாத குறிகள் முக்கியத்துவத்திற் குறைந்தவை அல்ல. க, ச என்னும் இரு கணியங்களை அடுத்தடுத்து எழுதினால் அவை தம்முள் பெருக்கப்பட வேண்டும் என்று அட்சரகணிதம் பயின்ற மாணவன் உணர்ந்துகொள்கிறான். மூன்று என்னும் எண்ணை அடுத்து அரை என்னும் பின்னம் எழுதப்பட்டிருப்பின், அவற்றைக் கூட்ட வேண்டும் என்று அதே மாணவன் உணர்ந்துகொள்கிறான். இரண்டிடத்தும் தாளில் உள்ளது வெறும் அண்மை மட்டுமே. அவ்வண்மை ஓரிடத்திற் பெருக்கலையும் மற்றோரிடத்திற் கூட்டலையும் குறிக்கின்றது. இவ்வேறுபாட்டை மாணவனுக்கு உணர்த்துவது தாளன்று. அவன் பெற்ற பயிற்சியாகும்.

கணினி இப்பயிற்சியைப் பெறாத ஒரு வாசகன். எனவே மனித வாசகர் சொல்லாமலே அறிந்துகொள்வதை அதற்குச் சொல்லியாக வேண்டியுள்ளது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் ஒருங்குறித் தரத்தில், இத்தேவைக்கென நான்கு குறிகள் இடம்பெற்றுள்ளன. பதினறும எண்முறையில் 2061 என்பது சார்பினை அதன் மாறிமீது பிரயோகித்தலையும், 2062 புலப்படாப் பெருக்கலையும், 2063 சுட்டெண்களுக்கிடையிலான புலப்படாப் பிரிப்பினையும், 2064 புலப்படாக் கூட்டலையும் குறிக்கின்றன. முதன் மூன்றும் 2002இல் வெளியான 3.2ஆம் பதிப்பிற் சேர்க்கப்பட்டவை. கூட்டற்குறி 2008இல் வெளியான 5.1ஆம் பதிப்பிலேயே இடம்பெற்றது.

இந்நான்கும் திரையில் எவ்வித வடிவமும் பெறா. கண்ணுக்கு நான்கும் ஒன்றே, அதாவது ஒன்றுமில்லை. ஆயினும் யூ.ரி.எவ்.-8 என்னும் சேமிப்பு முறையில் இவை ஒவ்வொன்றும் மூன்று பைற்று இடத்தைக் கொள்கின்றன. ககர எழுத்து ஒன்றிற்கு வேண்டப்படுவதும் அதே மூன்று பைற்றுகளே. இவ்வாறு, வடிவமற்ற ஒன்று வடிவமுள்ள ஒன்றுக்குச் சமமான இடத்தைப் பெறுகின்றது.

இதனை வெறும் தொழில்நுட்ப நுணுக்கமாகக் கருதி விட்டுவிடுதல் பொருந்தாது. எழுதப்படாத உறவொன்று எழுதப்பட வேண்டியதாக மாறும்போது, அதனை இதுவரை தம் மனத்திற் கொண்டிருந்தோர் யார், இனி அதனை எழுதுவோர் யார், எழுதும் அதிகாரம் யாருக்குரியது என்னும் வினாக்கள் எழுகின்றன. இவ்வினாக்கள் சமூக வரலாற்றுக்கு உரியவை. தமிழ் எண்மரபு இவற்றை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான களமாகும். புலப்படாக் கூட்டலும் புலப்படாப் பெருக்கலும் அம்மரபின் அடித்தளமாகவே அமைந்துள்ளமை அதற்குக் காரணமாகும்.

2. இலக்கணகாரர் கண்ட மறைந்த உறவு

தமிழ் இலக்கணகாரர் சொற்களுக்கிடையே மறைந்து நிற்கும் உறவினைத் தொகை என்றனர். தொல்காப்பியம் வேற்றுமை, உவமை, வினை, பண்பு, உம்மை, அன்மொழி எனத் தொகையை ஆறாக வகுத்துள்ளது. ஆறிலும் இரு சொற்களுக்கிடையே உருபு எதுவும் இல்லை. ஆயினும் இல்லாதது எதுவென அறிந்து, அதற்கேற்ப ஆறு பெயர்கள் இடப்பட்டுள்ளன. ஒன்றுமில்லாத ஓரிடத்துக்கு நான்கு எண்களை வழங்கிய கணினியாளரின் செயலும் தத்துவ அளவில் இதுவேயாகும். வேறுபாடு ஒன்றுண்டு. இலக்கணகாரரின் பெயர் மூலபாடத்துக்கு வெளியே, உரையில் இடம்பெற்றது. கணினியாளரின் எண்ணோ மூலபாடத்துக்குள்ளேயே செருகப்படுகின்றது.

இவற்றுள் உம்மைத்தொகை நமது ஆய்வுக்கு நேரடியாக உரியது. தொல்காப்பிய எச்சவியல் அளவுப்பெயர், நிறைப்பெயர், எண்ணுப்பெயர் ஆகியவற்றை உம்மைத்தொகைக்குரிய களங்களாகக் கூறுகின்றது. பின்வந்த நன்னூல், எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்னும் நான்கு அளவைகளோடு உம்மைத்தொகையை இணைத்தே இலக்கணம் வகுத்துள்ளது. தூணிப்பதக்கு என்றால் ஒரு தூணியும் ஒரு பதக்கும் சேர்ந்த அளவு. இங்கு மறைந்துள்ள ‘உம்’ கூட்டற்குறியேயன்றி வேறில்லை. இலக்கணம் இதனை அளவைகளின் களத்தில் வைத்து வரையறுத்தமை தற்செயலானதன்று. நெல்லை அளப்போனும் பொன்னை நிறுப்போனும் அன்றாடம் கையாண்ட மொழியே இலக்கணகாரருக்குத் தரவாக அமைந்தது.

எண்ணுப்பெயர்களின் புணர்ச்சியைத் தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலில் விரிவாக ஆராய்கின்றது. பத்து என்பது முன்னின்று ஆறு என்பது பின்வந்தால் பதினாறு, அது கூட்டல். பத்து முன்னின்று ஆயிரம் பின்வந்தால் பதினாயிரம்; அது பெருக்கல். இரண்டிலும் ‘இன்’ என்னும் சாரியையே வருகின்றது. எனவே கூட்டலா பெருக்கலா என்பதைச் சாரியை தீர்மானிக்கவில்லை. சிறிய எண் பெரியதன் முன் நின்றாற் பெருக்கல், பின் நின்றாற் கூட்டல் என்னும் வரிசை முறையே தீர்மானிக்கின்றது. நூறாயிரம், ஆயிரத்து நூறு ஆகிய இரண்டையும் ஒப்பிட்டு நோக்கின் இது தெளிவாகும்.

ஆனால் பின்னங்களிடத்து இவ்விதி பயன்படாது. முக்கால் என்பதில் மூன்று பெரியது, கால் சிறியது. மேற்கூறிய விதிப்படி அது கூட்டலாதல் வேண்டும். உண்மையில் அது மூன்று கால்கள் என்னும் பெருக்கலாகும். அரைக்கால் என்பதும் அரையும் காலும் சேர்ந்ததன்று. காலின் அரை, அதாவது எட்டிலொன்று. மும்மா என்பது மூன்று மா. பின்னத்தின்முன் இணைந்துவரும் எண் பெருக்கலையே உணர்த்துகின்றது. அவ்வாறாயின் மூன்றையும் காலையும் கூட்டிச் சொல்வது எவ்வாறு? அங்குதான் ஏகாரம் வருகின்றது: மூன்றேகால். காலையும் அரைக்காலையும் கூட்டினால் காலே அரைக்கால். கணக்கு வழக்கில் இவை நெடுங்காலம் நிலவியவை.

இந்த ஏகாரத்தைத் தொல்காப்பியம் அறிந்திருந்தது என்பது ஈண்டு சிறப்பாக மனங்கொள்ளத்தக்கது. அளவு, நிறை, எண் ஆகியவற்றைக் குறிக்கும் பெயர்களின் முன் அவற்றுள் அடங்கிய குறைந்த அளவின் பெயர் வருமாயின் ஏ என்னும் சாரியை தோன்றும் என்று தொகைமரபு விதிக்கின்றது. அடுத்து, அரை என்னும் சொல் வருமிடத்து அச்சாரியை பொருந்தாது என விலக்கும் கூறப்பட்டுள்ளது. மூன்றேகால் என்கிறோம், மூன்றே அரை என்னாது மூன்றரை என்கிறோம். இவ்விலக்கின் காரணத்தைப் பின்வருமாறு கருத இடமுண்டு. மூன்று கால்கள் என்பதற்கு ஒரு பெயர் தேவை, அது முக்கால். ஆனால் மூன்று அரைகள் என்பதற்குத் தனிப்பெயர் தேவையில்லை, அது ஒன்றரை. அரையின் மடங்குகள் யாவும் முழு எண்ணாகவோ அரையோடு கூடிய முழு எண்ணாகவோ அமைந்துவிடுகின்றன. பெருக்கலோடு மயங்குவதற்கு வாய்ப்பில்லாத இடத்தில் கூட்டலைக் குறித்துக்காட்டும் தேவையும் இல்லாதொழிகின்றது.

குறைத்தலுக்கோ ‘குறை’ என்னும் சொல்லே வெளிப்படையாக வருமென்று அவ்வியல் கூறுகின்றது. ஆக, கழித்தல் எப்போதும் எழுதப்படும்; கூட்டல் மயக்கமுள்ள இடத்தில் மட்டும் எழுதப்படும்; பெருக்கல் எழுதப்படாமலே உணரப்படும். மொழியைப் பயன்படுத்திய சமூகம் எதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லாது விடலாம் என்பதைத் தனது நடைமுறைத் தேவை கொண்டு தீர்மானித்துள்ளது. புலப்படாமை என்பது குறியின் இயல்பு அன்று, அக்குறியை வாசிப்போரிடையே நிலவும் உடன்பாடு என்பது இதனாற் பெறப்படும்.

3. ஏட்டுக் கணக்கும் உபரியும்

பேச்சுமொழியில் நிலவிய இவ்வமைப்பு எண்குறிகளிலும் அவ்வாறே பிரதிபலித்தது. பழந்தமிழ் எண் எழுத்தில் சுழியம் இல்லை. ஒன்று முதல் ஒன்பது வரையான குறிகளோடு பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ ஆகிய குறிகள் வழங்கின. இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்து என்பதை ௨௲௩௱௪௰௫ என்று எழுதினர். இவ்வேழு குறிகளுக்கிடையே ஆறு இடைவெளிகள் உள்ளன. ௨க்கும் ௲க்கும் இடையில் உள்ளது பெருக்கல். ௲க்கும் ௩க்கும் இடையில் உள்ளது கூட்டல். இவ்வாறு மாறிமாறி மூன்று பெருக்கல்களும் மூன்று கூட்டல்களும் எழுதப்படாமலே நிற்கின்றன. நூறு என்பதை ௧௱ என்னாது ௱ என்றே எழுதினராதலின், ஒன்று என்னும் எண்ணுங்கூடப் புலப்படாக் குறியாக இயங்கியது எனலாம்.

பின்னங்களின் களம் இதனினும் வளமானது. வீசம் பதினாறிலொன்று, மா இருபதிலொன்று, காணி எண்பதிலொன்று, முந்திரி முந்நூற்றிருபதிலொன்று. முந்திரிக்குக் கீழே செல்ல வேண்டுமாயின் ‘கீழ்’ என்னும் குறி முன்வைக்கப்பட்டது. கீழ் என்பது தனக்கென ஒரு தொகையைக் குறிப்பதன்று; தன்னை அடுத்துவரும் பின்னத்தை முந்நூற்றிருபதால் வகுக்குமாறு பணிக்கும் செயற்குறி. கீழ்முந்திரி என்பது 1,02,400இல் ஒன்று. கீழ் மீண்டும் மீண்டும் பிரயோகிக்கப்படலாம்.

இந்நுட்பம் எதன்பொருட்டு வளர்ந்தது என்பதை வரலாற்றாசிரியர் கவனத்திற் கொள்ளல் வேண்டும். முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஒரு வேலி நிலத்தின் 52,428,800,000இல் ஒரு பங்கு அளவான நிலமும் கணக்கிடப்பட்டு வரிக்கு உட்படுத்தப்பட்டமை கல்வெட்டாய்வாளரால் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. இவ்வெண் முந்நூற்றிருபதைத் தன்னால் நான்குமுறை பெருக்கி வரும் தொகையின் ஐந்து மடங்காகும். அதாவது, நாலுமா எனப்படும் ஐந்திலொன்றின்மீது கீழ் என்னும் செயல் நான்குமுறை நிகழ்த்தப்பட்டதற்குச் சமமானது. இத்துணைச் சிறிய நிலத்தை எந்த உழவனும் உழுததில்லை. எந்தக் கோலும் அளந்ததில்லை. கூறிட்டும் பங்கிட்டும் வகுத்தும் வந்த கணக்கின் விளைவாகவே அது தோன்றியிருத்தல் வேண்டும். நிலத்தின் விளைவில் அரசுக்கும் கோயிலுக்கும் உரிய பங்கை எஞ்சாமல் கணிக்கும் தேவையே பின்னக் கணிதத்தை அத்துணை ஆழத்துக்குக் கொண்டுசென்றது. உபரி அபகரிப்பின் நுட்பமும் எண்ணின் நுட்பமும் ஒன்றாகவே வளர்ந்தன.

அக்கணக்கை எழுதியோரும் வாசித்தோரும் சமூகத்தில் ஒரு சிறு பிரிவினர். கணக்கர் குடியினர் எண்சுவடியை இளமையிலேயே மனனஞ்செய்தனர். குறிகளுக்கிடையே மறைந்திருந்த செயல்கள் அவர்களது நினைவில் இருந்தன. ஏட்டைக் கையிற் கொண்டிருந்தாலும் அதனை வாசிக்கவியலாத உழவனுக்கு, எழுதப்பட்ட குறியும் எழுதப்படாத குறியும் ஒருங்கே புலப்படாதவையாக இருந்தன. எனவே புலப்படாமை ஒருவருக்கு வசதியாகவும் மற்றொருவருக்கு மறைப்பாகவும் அமைந்தது.

4. கண்டியின் இரு பதிவுகள்

நாம் வாழும் மலைநாட்டுச் சூழலிலும் இதற்கொத்த சான்றுகள் உள்ளன. 1815 மார்ச் 2ஆந் திகதி கண்டியிற் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கையின் சிங்களப் பகுதியில், பிரிவுகள் பழைய சிங்கள இலக்கங்களால் எண்ணிடப்பட்டுள்ளன. இவ்விலக்க முறையிலும் சுழியம் இல்லை. பத்து, இருபது, முப்பது எனத் தொண்ணூறு வரை தனித்தனிக் குறிகள் உண்டு. நூறுக்கும் ஆயிரத்துக்கும் குறிகள் உண்டு. பத்துக்கு மேற்பட்ட பிரிவினை எண்ணிடப் பத்தின் குறியை அடுத்து ஒன்றின் குறியை வைத்தல் வேண்டும். அங்கும் இடையே எழுதப்படாத கூட்டல் உள்ளது. இதே உடன்படிக்கையின் ஆங்கிலப் பகுதி சுழியம் கொண்ட இடமதிப்பு முறையைச் சார்ந்தது. ஒரே ஆவணத்தில் இரு எண்மரபுகள் அருகருகே நின்றன; அவற்றுள் ஒன்றின் ஆட்சி அவ்வாவணத்தினாலேயே முடிவுக்கு வந்தது. கண்டி இராச்சியத்தின் நிலங்களையும் அவற்றுக்குரிய சேவைகளையும் பதிந்த லேக்கம் மிட்டி ஏடுகளின் அதிகாரம், காலப்போக்கிற் கச்சேரிப் புத்தகங்களின் வசமாயிற்று.

இரண்டாவது பதிவு தோட்டங்களுக்குரியது. பேராதனையைச் சூழ்ந்த மலைகளிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிடப்பட்டபோது, தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் நாள் உழைப்பு செக்றோல் எனப்படும் பேரேட்டிற் பதியப்பட்டது. அங்கு ஒரு நாள் உழைப்பின் அலகு ‘பேர்’. குறித்த நிறைக்குக் குறைவாகக் கொழுந்து பறித்தோருக்கு ‘அரைப்பேர்’ போடப்படுவது வழக்கம். அரைக்கால், அரைமா, அரைக்காணி என்பவற்றின் அமைப்பே அரைப்பேர் என்பதற்கும் உரியது. இதுவும் எழுதப்படாத பெருக்கல். பெருக்கப்படுவதோ ஒரு மனித உயிரின் பகற்பொழுது. நாள் முழுவதும் மழையிலும் சரிவிலும் நின்ற பெண்ணின் உழைப்பைப் பாதியாக்கிய செயல் பேரேட்டில் எங்கும் எழுதப்படுவதில்லை. நிறையின் எல்லையைத் தீர்மானித்தது நிருவாகம். அதனை எழுதியவர் கணக்கப்பிள்ளை. எழுத்தில் எஞ்சுவது விளைவு மட்டுமே. பண்டத்தின் விலையில் மனிதருக்கிடையிலான உறவு மறைந்து நிற்கின்றது என மார்க்சு காட்டியதற்கு, இதனினும் நேரடியான எடுத்துக்காட்டை மலையகத்திற் காண்பதரிது.

5. அச்சும் அட்சரகணிதமும்

ஐரோப்பாவிற் கணிதக் குறிகள் வணிக முதலாளித்துவத்தின் எழுச்சியோடு ஒருங்கு வளர்ந்தன. கூட்டல், கழித்தற் குறிகள் 1489இல் விட்மன் என்பார் வெளியிட்ட வணிகக் கணித நூலில் முதன்முதலாக அச்சேறின. பெருக்கலுக்குரிய சாய்ந்த சிலுவைக்குறியை ஓற்றெட் 1631இற் பயன்படுத்தினார். ஆனால் 1637இல் டேக்காட்டின் வடிவகணித நூல், எழுத்துகளை அடுத்தடுத்து வைப்பதனாலேயே பெருக்கத்தைக் குறித்தது. சிலுவைக்குறி எழுத்தோடு மயங்குகின்றது என்று லைப்னிற்சு 1698இல் மறுப்புத் தெரிவித்தார். இவ்வாறு, பெருக்கல் ஒருமுறை புலப்படுத்தப்பட்டு, அட்சரகணிதத்தில் மீண்டும் புலப்படாதாயிற்று. 1881ஆம் ஆண்டளவில் வகையீட்டு நுண்கணிதம் பற்றி மார்க்சு எழுதிய கையெழுத்துப் படிகளும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கவை. 1968இல் மொஸ்கோவில் முழுமையாக வெளியிடப்பட்ட அவற்றில், வகையீட்டுக் குறியீடு செய்யவேண்டிய செயலைச் சுட்டும் குறியாக எவ்வாறு மாறுகின்றது என்பதை அவர் ஆராய்கின்றார். குறியீடு பொருளின் பெயராக மட்டும் நில்லாது செயலுக்கான பணிப்பாகவும் அமையும் என்னும் இக்கருத்து, தமிழ்க் கணக்கரின் ‘கீழ்’ என்னும் குறிக்கும் பொருந்துவதாகும்.

இப்புதிய கணிதம் ஈழத்தமிழரை வந்தடைந்தது மிசன் கல்வி வாயிலாகவே. 1823 முதல் 1855 வரை இயங்கிய வட்டுக்கோட்டைக் குருமடத்தில் ஐரோப்பியக் கணிதமும் வானியலும் போதிக்கப்பட்டன. அங்கு பயின்ற கறோல் விசுவநாதபிள்ளையின் வீசகணித நூல் 1855இல் வெளிவந்தது. வீசகணிதம் என்ற அப்பெயர் பின்னர் ஈழத்தில் அட்சரகணிதம் ஆயிற்று. தமிழ்நாட்டில் இயற்கணிதம் என வழங்குகின்றது. பெயர் மூன்றாயினும் குறிமுறை ஒன்றே. சுதந்திரத்தின் பின்னர் தாய்மொழிவழிக் கல்வி விரிவுபெற்று, விஞ்ஞான நூல்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஆக்கப்பட்டபோதும் சூத்திரங்கள் உரோம எழுத்துகளிலேயே நின்றன.

எண்ணிலும் இதையொத்த மாற்றம் நிகழ்ந்தது. 1825இல் வெளிவந்த கணித தீபிகை தமிழ் எண்களைச் சுழியத்தோடு இடமதிப்பு முறையில் எழுதும் வழக்கத்துக்குச் சான்றாகக் காட்டப்படுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சு நூல்களின் பக்க எண்களிற் பதினைந்து என்பது ௰௫ எனவும் ௧௫ எனவும் இருவகையாகவும் காணப்படும். இரண்டாவது முறையிற் பத்தின் குறியும் மறைந்து, அதன் பெறுமதி இடத்துக்குள் ஒடுங்கிவிடுகின்றது. பழைய முறையில் மறைந்திருந்தவை செயல்கள் மட்டுமே; புதிய முறையில் பெருக்கும் எண்ணே மறைந்துவிட்டது. இதனாற் கணித்தல் எளிதாயிற்று என்பதில் ஐயமில்லை. அதே வேளை, பேச்சுமொழிக்கும் எண் எழுத்துக்கும் இடையே நிலவிய நேரடிப் பொருத்தம் அற்றுப்போயிற்று. அரசிறை, நீதிமன்றம், வணிகம் ஆகியவற்றின் பேரேடுகள் ஐரோப்பிய முறைக்கு மாறியதும், முந்திரியும் காணியும் எண்சுவடியிலும் முதியோர் நாவிலும் மட்டும் எஞ்சின. யாழ்ப்பாணத்து உறுதிகளில் இன்றும் பரப்பும் குழியும் அடுத்தடுத்து எழுதப்படுகின்றன; அவற்றுக்கிடையே பழைய உம்மைத்தொகை உயிரோடு உள்ளது.

6. ஒருங்குறியில் தமிழ்க்கணக்கு

1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஒன்று முதல் ஒன்பது வரையான எண்களோடு ௰, ௱, ௲ என்பனவும் அதில் இருந்தன. சுழியம் 2005இலேயே 4.1ஆம் பதிப்பிற் சேர்ந்தது. இந்தியாவின் குறிமுறைத் தரம் ஒன்றை அடியொற்றி அமைந்த இவ்வொதுக்கீட்டை இலங்கையும் ஏற்றது; 2008ஆம் ஆண்டின் 1326ஆம் இலங்கைத் தரம் தமிழ்க் குறிமுறையை வரையறுக்கின்றது. பழைய சிங்கள இலக்கங்கள் இருபதும் 2014இல் 7.0ஆம் பதிப்பில் இடம்பெற்றன. தமிழ்ப் பின்னங்களும் அளவைக் குறிகளும் 2019இல் 12.0ஆம் பதிப்பில் 51 குறிகளாகச் சேர்க்கப்பட்டன. முந்திரி முதல் முக்கால் வரையான பின்னங்கள், கீழ் என்னும் செயற்குறி, நெல், ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு, குழி, வேலி, காசு, பணம், உப்பளம், மொத்தம், செலவு ஆகியவற்றின் குறிகள் அவற்றுள் அடங்கும். ஒரு நிலவுடைமைச் சமூகத்தின் பேரேடு முழுவதுமே குறிகளாகத் திரண்டு நிற்பதை இப்பட்டியலிற் காணலாம்.

இங்கு குறிமுறையின் ஒரு கோட்பாடு நோக்கத்தக்கது. ஒன்று என்னும் எண்குறியாகிய ௧ என்பதும் ககர எழுத்தும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றே. அச்சகத்தார் ஒன்றுக்குப் பதிலாக மற்றதைக் கோப்பதும் உண்டு. ஒருங்குறியோ இரண்டுக்கும் வெவ்வேறு எண்களை வழங்கியுள்ளது. வடிவத்தைக் கொண்டன்றிப் பயன்பாட்டைக் கொண்டே குறியின் அடையாளம் தீர்மானிக்கப்படுகின்றது. ஒன்றுபோற் காணப்படும் இரண்டுக்கு இரண்டு எண்கள் வழங்குவதும், காணவே படாத நான்குக்கு நான்கு எண்கள் வழங்குவதும் ஒரே கோட்பாட்டின் இரு முகங்களாகும்.

ஆயினும் அக்கோட்பாடு தமிழ் எண்களிடத்து முழுமையாகச் செயற்படவில்லை. ௰ என்பதன் பெறுமதி பத்து என்று ஒருங்குறித் தரவு கணினிக்குக் கூறுகின்றது. ௨௰ என்பதில் அது பெருக்கப்பட வேண்டும், ௰௨ என்பதிற் கூட்டப்பட வேண்டும் என்பதை அது கூறுவதில்லை. தனித்தனி வென்பொருள்கள் அவ்விதியை அறிந்தாலன்றி, இருபதும் பன்னிரண்டும் வெறும் குறித்தொடர்களாகவே நிற்கும். 2062, 2064 என்னும் புலப்படாக் குறிகளை இடையிற் செருகி இவ்வுறவைப் பதிவதற்கு வழியுண்டு. அவை உரோம எழுத்துக் கணிதத்தை மனத்திற் கொண்டு ஆக்கப்பட்டவையெனினும், அவற்றின் பொருளில் மொழி வரையறை எதுவுமில்லை.

இதன் நடைமுறைப் பயனை எளிதில் உணரலாம். பார்வையற்ற மாணவர் திரைவாசிப்பானின் குரல்வழியே கணிதம் பயில்கின்றனர். மூன்றை அடுத்து அரை என்னும் பின்னம் வருமிடத்து, அக்குரல் ‘மூன்றரை’ என்று சொல்வதா, இரு எண்களைத் தனித்தனியே வாசிப்பதா என்பது இடையில் உள்ள புலப்படாக் குறியைப் பொறுத்தது. மூன்றை அடுத்துக் கால் வந்தால், தமிழ்க் குரலுக்கு மேலும் ஒரு பொறுப்பு உண்டு. கூட்டல் எனின் மூன்றேகால். பெருக்கல் எனின் முக்கால். ஆங்கிலத்தில் எழாத இவ்வேறுபாட்டைத் தமிழில் ஏகாரம் தாங்குகின்றது. புலப்படாக் குறி எழுதப்பட்டிருப்பின், தொல்காப்பியர் கூறிய சாரியையை இயந்திரம் உரிய இடத்திற் சேர்த்துச் சொல்லக்கூடும். எழுதப்படாதிருப்பின், கண்ணிழந்த மாணவர் பாதி அறிவையே பெறுவர்.

ஆனால் அக்குறியை எழுதுவோர் யார்? தரத்தில் ஒரு குறி இடம்பெறுதல் வேறு. நூல்களில் அது பயிலப்படுதல் வேறு. கணித நூல்கள் பெரும்பாலும் இக்குறிகளின்றியே தட்டச்சுச் செய்யப்படுகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தட்டச்சிடும் உழைப்பும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதற்கு ஊதியம் வழங்கவும் எவரும் முன்வருவதில்லை. தரத்தை வகுக்கும் அமைப்போ கலிபோர்னியாவில் 1991இல் பதிவுசெய்யப்பட்ட கூட்டமைப்பு; அதில் முழு வாக்குரிமை கொண்டோர் பெரும்பாலும் பெருங் கணினி நிறுவனங்கள். தமிழ்ப் பின்னங்கள் இருபத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்தமைக்கு அவை சந்தைப் பெறுமதியற்றவை என்பதும் ஒரு காரணமாகும். அவற்றை உள்ளே கொண்டுவந்தது ஆர்வலரதும் ஆய்வாளரதும் விடாமுயற்சியேயன்றிச் சந்தையன்று என்பதும் மறக்கற்பாலதன்று.

7. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் தெளிவாகின்றன. முதலாவது, புலப்படாக் கணிதக் குறி கணினியின் கண்டுபிடிப்பன்று. தமிழ் எண்ணும் அளவையும் தோன்றிய காலந்தொட்டு அது நம் வழக்கிலும் இலக்கணத்திலும் இருந்துவந்தது. இரண்டாவது, எழுதப்படாத உறவு என்பது ஒரு வாசகர் குழுவின் பொதுவுடைமை. அக்குழு குறுகியதாக இருந்தபோது அது அதிகாரத்தின் கருவியாகவும் இயங்கியது. மூன்றாவது, வாசகர் குழு அழியுமாயின், எழுதப்பட்டது எஞ்சினும் எழுதப்படாதது அதனோடு அழிந்துவிடும்.

மூன்றாவது உண்மை நமக்கு மிக அண்மையானது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஓலைச்சுவடிகளும் அழிந்தன. எஞ்சியவற்றையும் அச்சு நூல்களையும் எண்ணிமப்படுத்தும் பணியை நூலகம் நிறுவனம் போன்றவை 2005 முதல் மேற்கொண்டு வருகின்றன. படமாகப் பாதுகாக்கப்படும் ஓர் ஏட்டுக் கணக்கு, அதனை வாசிக்கவல்லோர் இருக்கும்வரையே கணக்காகும். அதன்பின் அது கோடுகளின் தொகுதி மட்டுமே. எண்சுவடியை மனனஞ்செய்த தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது.

எனவே பழைய கணக்கேடுகளையும் உறுதிகளையும் பதிப்பிப்போர், குறிகளை மட்டுமன்றி அவற்றுக்கிடையிலான கூட்டலையும் பெருக்கலையும் பதிதல் வேண்டும். இதற்கு இலக்கணமும் கணிதமும் கணினியியலும் ஒருங்கு பயின்றோர் தேவை. பல்கலைக்கழகத்திலே தமிழ்த்துறையும் விஞ்ஞான பீடமும் இணைந்து ஆற்றக்கூடிய பணி இது. தோட்டப் பேரேடுகளும் இப்பணியில் ஒதுக்கப்படலாகாது. அரசனது நிலவரிக் கணக்கில் ‘கீழ்’ என்னும் குறியைத் தேடிப் படிக்கும் ஆய்வாளன், மலையகப் பெண்ணின் பெயரெதிரே இடப்பட்ட அரைப்பேரையும் படிக்கக் கற்றாக வேண்டும். அங்கு நிகழ்ந்த பெருக்கல் என்ன, அதனை நிகழ்த்தியோர் யார் என்பன இன்னும் எழுதப்படவேண்டியனவாகவே உள்ளன.